லேசர் செய்ய எந்த டாக்டரிடம் போவது? – வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவக் குழுவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, கண்ணாடியைக் கழற்றும் லேசர் சிகிச்சையைப் பற்றியவை. "எந்த மெஷின் நல்லது?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். எந்த டாக்டர் என்ற கேள்வி கடிதத்தின் கடைசி வரியில்தான் வருகிறது. பதில்களை நாங்கள் அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறோம்.

என் மகளுக்கு 23 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை, சிலிண்டர் மைனஸ் ஒன்று. மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிவிட்டோம். ஒருவர் லேசிக் என்கிறார், ஒருவர் ஸ்மைல்தான் லேட்டஸ்ட் என்கிறார், மூன்றாமவர் பி.ஆர்.கே. போதும் என்கிறார். கார்னியா தடிமன் 512 என்று எழுதியிருக்கிறது. யாரை நம்புவது? – வாசகி, ஈரோடு

அந்த 512-ஐ வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

512 என்பது மைக்ரான் கணக்கு. அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல். மைனஸ் பவரைப் போக்க, கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிந்த படலமான கார்னியாவின் நடுப்பகுதியைச் சீவ வேண்டும். 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவினால் ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் போகும். ஐந்தரையும் சிலிண்டர் ஒன்றும் சேர்ந்து ஆறரை. ஆகச் சீவுவது நூறு மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேசிக்கில் முதலில் 110 மைக்ரான் தடிமனில் ஃபிளாப் என்ற மூடியை வெட்டித் திருப்புவார்கள். திரும்ப மூடி வைத்தாலும் அது பழைய பலத்தைத் தராது. எனவே 512-இல் 110-ம் 100-ம் போக அடியில் மிஞ்சுவது 302. 250-க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய விதி. இப்போது பலர் 280, 300 என்று கையிருப்பு வைக்கிறார்கள். அந்தப் பரீட்சையில் உங்கள் மகள் பாஸ். ஆனால் இன்னொரு பரீட்சை உண்டு. 512-இல் கைவைத்தது 210, அதாவது 41 சதவீதம். 40-ஐத் தொட்டாலே, பிற்காலத்தில் கார்னியா பலமிழந்து முன்னால் புடைக்கும் ஆபத்து கூடுகிறது என்று பின்வாங்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதில் உங்கள் மகள் தேறவில்லை.

ஸ்மைலில் மூடி கிடையாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே உள்ளிருந்து ஒரு வில்லையை உருவி எடுப்பார்கள். நரம்பு குறைவாக அறுபடுவதால் கண் உலர்வும் கொஞ்சம் குறைவு. ஆனால் வில்லை கிழியாமல் வர, தேவைக்கு மேல் 10, 15 மைக்ரான் தடிமன் சேர்த்தே வெட்டியாக வேண்டும். வில்லைக்கு மேலே விடும் தளம் 120, வில்லை 115 என்றால் மிஞ்சுவது 277. மேல் தளம் பெரும்பாலும் அறுபடாமல் நிற்பதால் அதன் பலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஸ்மைல் செய்பவர்களின் வாதம். நியாயம் உண்டு. எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை.

பி.ஆர்.கே.யில் 50 மைக்ரான் மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு லேசர் அடிப்பார்கள். தோல் சில நாளில் தானே வளர்ந்துவிடும். மிஞ்சுவது 362. இதற்கான விலை வேறு: மூன்று, நான்கு நாள் நல்ல வலி, புண் ஆறும்வரை கண்ணில் பேண்டேஜ் லென்ஸ், பார்வை தெளிய இரண்டு மூன்று வாரம், அதன்பின் மாதக்கணக்கில் சொட்டு மருந்து. தழும்பு மங்கல் வராமல் இருக்க, இந்த அளவு பவருக்கு லேசர் முடிந்ததும் 0.02 சதவீத மைட்டோமைசின் மருந்தைச் சில நொடிகள் வைத்துக் கழுவுவார்கள். அது வழக்கம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் கூடிவந்தால் தேதிக்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

"6.5-க்குப் பதில் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு அடித்தால் தடிமன் மிச்சமாகுமே" என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான், 15 மைக்ரான் மிச்சம். ஆனால் இருட்டில் அவள் கண்ணின் பாப்பா 7 மில்லிமீட்டருக்கு விரிந்தால், லேசர் படாத ஓரத்தின் வழியாகவும் வெளிச்சம் நுழையும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியும்.

ஸ்கேன் படம் சுத்தமாக இருந்து, கடந்த ஓராண்டில் பவர் அரைக்கு மேல் மாறாமலும் இருந்தால், எங்கள் சாய்வு மூன்றாமவர் பக்கம். பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். இந்தக் கணக்கை உங்கள் எதிரே போட்டுக்காட்டியவர் மற்ற இருவரில் ஒருவர் என்றால், அவரிடம் போய் "பி.ஆர்.கே. ஏன் வேண்டாம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் செய்துகொள்ளலாம். ஒரே ஒரு மெஷின் வைத்திருக்கும் இடத்தில் எல்லாக் கண்ணுக்கும் அந்த மெஷின்தான் பொருந்தும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இலவசப் பரிசோதனை முகாமுக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் ஆலோசகர் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். "இன்றே முன்பணம் கட்டினால் 15,000 தள்ளுபடி" என்றார். டாக்டரை ஆபரேஷன் அன்று பார்க்கலாமாம். கட்டலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

கட்டாதீர்கள். தள்ளுபடி தப்பில்லை, டாக்டரை ஆபரேஷன் அன்றுதான் பார்க்கலாம் என்பதுதான் தப்பு. ஸ்கேன் படத்தைப் படித்து, ஸ்லிட் லேம்ப் என்ற நுண்நோக்கியில் உங்கள் கண்ணைப் பார்த்து, பாப்பா விரியும் மருந்து போட்டு விழித்திரையின் ஓரம்வரை சோதித்து, அதன்பின் சரி அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் கத்தியைப் பிடிக்கப்போகிறவர். முழுப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மருந்து போட்ட பிறகு பைக் ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டு: விழித்திரை, கண்ணீர்ச் சோதனை. கீழிமைக்குள் காகிதப் பட்டை வைத்து 5 நிமிடம் விடுவார்கள். 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் முதலில் உலர்வுக்கு வைத்தியம், பிறகுதான் லேசர். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்ல வேண்டும். கண்ணை நன்றாகவே உலர்த்திவிடும்.

டாக்டரின் பெயருக்குப் பின்னால் ஏகப்பட்ட எழுத்துகள். எதைப் பார்ப்பது? எத்தனை ஆபரேஷன் செய்தவர் என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? – வாசகர், திருநெல்வேலி

எம்.எஸ். (கண் மருத்துவம்) அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் அடிப்படை. அதற்கு மேல் கார்னியாவிலோ, கண்ணாடியைக் கழற்றும் ரிஃப்ராக்டிவ் சர்ஜரியிலோ ஃபெலோஷிப், அதாவது ஓராண்டு ஈராண்டு தனிப் பயிற்சி இருந்தால் நல்லது. எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம் என்று கேளுங்கள். வார இறுதி வகுப்பையும் ஃபெலோஷிப் என்று போட்டுக்கொள்வது உண்டு. பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் தன் வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் டாக்டர் அல்ல. பதிவு எண்ணைச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

எண்ணிக்கை ஒரு அளவுக்குத்தான் உதவும். ஐயாயிரம் செய்தவருக்கும் பத்தாயிரம் செய்தவருக்கும் கைப்பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இராது. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இவை. "என் பவர் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு மிச்சப் பவர் அரைக்குள் வந்தது?" கணக்கு வைத்திருப்பவர் உடனே சொல்வார். அறையின் ஈரப்பதம், வெப்பம் இவற்றால் லேசர் வெட்டும் ஆழம் சிறிது மாறும். அதனால் தேர்ந்த டாக்டர் தன் முந்தைய முடிவுகளைப் பார்த்து மெஷினில் போடும் எண்ணைத் திருத்திக்கொள்வார். நோமோகிராம் என்பது இதுதான். கணக்கே வைக்காதவர் எதை வைத்துத் திருத்துவார்?

"ஸ்மைல் செய்யும்போது பாதியில் சக்‌ஷன் விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?" கண்ணைப் பிடித்திருக்கும் கிண்ணம் நழுவுவது அபூர்வம், ஆனால் நடக்கும். எந்தக் கட்டத்தில் நழுவினால் மறுபடி தொடங்கலாம், எப்போது லேசிக்குக்கு மாறலாம், எப்போது அப்படியே நிறுத்தி வேறொரு நாள் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்பவரைத் தேடுங்கள். "எனக்கு அப்படி ஆனதே இல்லை" என்பவர் ஒன்று குறைவாகச் செய்திருக்கிறார், அல்லது மறைக்கிறார்.

கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கான்டூரா, ஸ்மைல் புரோ, பிளேடுலெஸ் என்று விளம்பரங்களில் வருவதெல்லாம் என்ன? – வாசகி, மதுரை

பிளேடுலெஸ் என்றால் மூடியைக் கத்திக்குப் பதில் ஃபெம்டோ லேசர் வெட்டும். கான்டூராவும் மூடி வெட்டும் லேசிக்தான். கார்னியாவின் மேடுபள்ளத்தை ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அளந்து அதற்கேற்ப அடிப்பது கூடுதல். ஸ்மைல் புரோ என்பது அதே ஸ்மைலின் புதிய, வேகமான மெஷின். ஒரு கண்ணுக்கு 10 நொடிக்குள் வெட்டிவிடும், அதனால் நழுவும் வாய்ப்பு குறைகிறது. வெட்டிய வில்லையைப் பிரித்து எடுப்பது இன்னமும் டாக்டரின் கைதான்.

ஓர் ஆஸ்பத்திரியில் "உங்களுக்கு லேசரே கூடாது" என்றார்கள். இன்னோர் இடத்தில் "தாராளமாகச் செய்யலாம்" என்கிறார்கள். பவர் மைனஸ் மூன்றுதான், தடிமன் 530. வயது 20. குழப்பமாக இருக்கிறது. – வாசகர், தஞ்சாவூர்

பவரும் தடிமனும் நன்றாக இருந்தும் ஒருவர் மறுத்திருக்கிறார் என்றால், கார்னியாவின் வடிவத்தில் எதையோ பார்த்திருக்கிறார். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கார்னியா மெல்ல மெலிந்து கூம்பாகும். முழுதாக வந்துவிட்டால் யாரும் கண்டுபிடிப்பார்கள். தொடக்க நிலையில் பார்வை 6/6 இருக்கும், முன்பக்கப் படமும் ஏறக்குறைய ஒழுங்காகவே இருக்கும். முதல் துப்பு கார்னியாவின் பின்பக்கத்தில்தான் கிடைக்கும். அந்தக் கண்ணில் லேசர் அடித்தால், தானாகவே நின்றிருக்கக்கூடிய நோயை நாமே தூண்டிவிடுவோம்.

இரண்டு இடத்து ஸ்கேன் பிரதியையும் வாங்குங்கள். உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் மேலே சொன்ன 2002 விதியில் உண்டு. கார்னியாவை அளக்கும் பென்டாகாம் மெஷினின் ஸ்கேன் என்றால் ஒரே தாளில் நான்கு வட்டப் படங்கள் இருக்கும்: வளைவு, முன்பக்க மேடு, பின்பக்க மேடு, தடிமன். முதலில் ஓரத்தில் கியூ.எஸ். என்ற கட்டத்தில் ஓகே என்று இருக்கிறதா பாருங்கள். கண் சிமிட்டியோ இமை மறைத்தோ எடுத்த படத்தில் அது வராது. அந்தப் படத்தை வைத்து யார் எதைச் சொன்னாலும் செல்லாது. பிறகு பெலின்–அம்புரோசியோ என்ற தனித்தாளில் கடைசியாக டி என்று ஓர் எண். 1.6-க்குக் கீழே என்றால் பொதுவாகக் கவலையில்லை, 1.6 தாண்டினால் மஞ்சள், 2.6 தாண்டினால் சிவப்பு. இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல ஒத்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கீழ்ப்பக்கம் செங்குத்தாக வளைந்திருந்தால் சந்தேகம். அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து நீங்களே முடிவுகட்ட வேண்டாம். மறுத்தவர் எதைச் சுட்டினாரோ அதை அனுமதித்தவரிடம் காட்டி, "இது ஏன் பரவாயில்லை?" என்று கேட்பதற்குத்தான் இவ்வளவும்.

தடிமனான கார்னியாவிலும் கெரட்டோகோனஸ் வரும், 530 என்பது கவசமில்லை. 20 வயதும் சாதகமில்லை, ஏனென்றால் இது இளவயதில் வளரும் நோய். அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். மூன்றாவதாக ஒரு கார்னியா நிபுணரிடம் காட்டுங்கள், மதுரை, சென்னை, கோவையில் பயிற்சி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து அதே மெஷினில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுங்கள். மறுத்த அந்த முதல் டாக்டரின் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் வேறு எதற்காவது கண் டாக்டர் தேவைப்பட்டால் அவரிடமே போகலாம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். ஸ்கேனுக்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? – வாசகி, சேலம்

சாஃப்ட் லென்ஸ் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். சிலிண்டர் பவர் உள்ள டோரிக் இரண்டு வாரம். செமி சாஃப்ட் என்று கடையில் சொல்லும் கெட்டி லென்ஸ் மூன்று நான்கு வாரம். லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றியிருக்கும். அந்த வடிவத்தை அளந்து லேசர் அடித்தால் பவர் தவறும். இதைக் கேட்காமலே ஸ்கேன் எடுக்கும் இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு மைனஸ் 11. லேசர் முடியாது, கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்கிறார்கள். இதற்கும் அதே டாக்டர் போதுமா? – வாசகர், வேலூர்

ஐ.சி.எல். என்பது கண்ணைத் திறந்து உள்ளே செய்வது. லேசரில் கைதேர்ந்தவர் என்பதற்காக இதிலும் தேர்ந்தவர் என்று கொள்ள வேண்டாம், தனியாகக் கேளுங்கள். கார்னியாவின் பின்புறத்திலிருந்து உங்கள் சொந்த லென்ஸ் வரை 2.8 மில்லிமீட்டராவது இடம் வேண்டும், 3 இருந்தால் நிம்மதி. பின்புறச் செல்களின் எண்ணிக்கையும் எடுக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் சைஸில்தான் வரும். இந்த லென்ஸ் 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் என்று நான்கு அளவில் வருகிறது. உள்ளே உட்கார்ந்த பிறகு சொந்த லென்ஸுக்கும் இதற்கும் நடுவில் 250 முதல் 750 மைக்ரான் இடைவெளி இருக்க வேண்டும். சின்ன சைஸ் வைத்தால் இடைவெளி குறைந்து கண்புரை வரலாம். பெரிய சைஸ் என்றால் முன்னால் தள்ளி, நீர் வடியும் கோணத்தை அடைத்து அழுத்தம் ஏறும். எப்படி அளக்கிறீர்கள், தவறினால் மாற்றித்தர யார் செலவு என்று முன்பே கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்தில் அழுத்தம் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மைனஸ் 11 கண்ணின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். ஓட்டை இருந்தால் முதலில் லேசர் வைத்து அடைப்பார்கள். கண்ணாடி போனாலும் அந்த ஆபத்து போகாது, ஆண்டுக்கொரு முறை விழித்திரைச் சோதனை ஆயுள் முழுக்க உண்டு.

வயது 44. மைனஸ் மூன்று. லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாமா? – வாசகி, புதுச்சேரி

தூரத்துக்கு வேண்டாம். வெள்ளெழுத்துக் கண்ணாடி வரும். இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருந்துச் சீட்டைப் படிக்கிறீர்கள் அல்லவா, அந்த வசதி போய்விடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைச் சற்று மைனஸ் விட்டுக் கிட்டத்துக்கும் வைக்கலாம். எல்லோருக்கும் ஒத்துவராது, அதே அளவில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு இரண்டு வாரம் பழகிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். வெள்ளெழுத்தைப் பற்றி வாய் திறக்காமல் 44 வயதுக்காரருக்குத் தேதி கொடுக்கும் டாக்டர் வேண்டாம்.

ரயில்வே லோகோ பைலட் தேர்வு எழுதப் போகிறேன். லேசர் செய்யலாமா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? – வாசகர், அரக்கோணம்

லேசிக் செய்தவர்கள் அந்தப் பணிக்குத் தகுதியில்லை என்று தேர்வு அறிவிப்பிலேயே இருக்கிறது. ராணுவம், போலீஸ் ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, அவ்வப்போது மாறும். அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்த பிறகே டாக்டரிடம் போங்கள். மருத்துவக் காப்பீட்டில் 7.5-க்குக் குறைந்த பவருக்கான சிகிச்சை விலக்கப்பட்டிருக்கிறது.

லேசர் சூட்டில் கண் வெந்துவிடாதா? – வாசகி, நாகர்கோவில்

வேகாது. கார்னியாவைச் சீவும் எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். திசுவைச் சுடாமல் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து, ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் வீதம் ஆவியாக்கும். உயிர்த் திசுவை இப்படிச் சுத்தமாகச் செதுக்கலாம் என்பதை 1981-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்து படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சோதித்தது அமெரிக்க விருந்து நாளில் மிஞ்சிய வான்கோழிக் கறியில்.

சென்னையில் செய்துகொண்டு அன்றிரவே ஊருக்கு பஸ் ஏறலாமா? – வாசகர், ராமநாதபுரம்

கூடாது. மறுநாள் காலைப் பரிசோதனையில்தான் மூடி சுருங்கியிருப்பதும் நகர்ந்திருப்பதும் தெரியும். மூடிக்கடியில் மணல் தூவியதுபோல வரும் அழற்சி முதல் ஓரிரு நாளில் தலைகாட்டும். உடனே மணிக்கொரு முறை ஸ்டீராய்டு சொட்டு விட்டால் பெரும்பாலும் அடங்கும், முற்றினால் மூடியைத் தூக்கிக் கழுவ வேண்டிவரும். இரண்டு இரவாவது தங்குங்கள்.

பணம் கட்டுமுன், பிறகு வரும் பரிசோதனைகளை அதே டாக்டர் பார்ப்பாரா, இரவில் அழைக்க எந்த எண், மிச்சப் பவருக்கு மறுபடி அடிக்க வேண்டிவந்தால் கட்டணம் உண்டா, எத்தனை ஆண்டு வரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். "ஆயுள் முழுக்க இலவசம்" என்ற வாக்குறுதியில் ஒரு கொக்கி உண்டு: மறுபடி அடிக்கத் தடிமன் மிஞ்சியிருந்தால்தான்.

முதல் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ, சிவப்போடு வெளிச்சம் கூசினாலோ காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு சொட்டை மருந்துக்கடையில் தானாக வாங்கித் தொடராதீர்கள். சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றும், வலியே இருக்காது. லேசருக்குப் பிறகு கார்னியா மெலிந்திருப்பதால் கருவி காட்டும் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். வேறு டாக்டரிடம் போனால் லேசர் செய்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஐந்து வருடம் முன் லேசிக் செய்தேன். அந்த ஃபைலை இன்னும் வைத்திருக்க வேண்டுமா? – வாசகி, காரைக்குடி

கட்டாயம். அறுபது வயதில் கண்புரை ஆபரேஷன் வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கார்னியாவின் வளைவை வைத்துக் கணக்கிடுவார்கள். லேசர் பட்ட கார்னியாவில் அந்தச் சூத்திரம் தவறிப்போய் ப்ளஸ் பவரில் கொண்டுவிடும். சரிசெய்ய இப்போது தனிச் சூத்திரங்கள் உண்டு, பழைய எண்கள் கையில் இருந்தால் இன்னும் துல்லியம். வேண்டியவை: ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கே1, கே2 என்று எழுதியிருக்கும் வளைவு அளவுகள், தடிமன், எத்தனை மைக்ரான் சீவினார்கள், ஆறு மாதம் கழித்து நிலைத்த பவர். தெர்மல் காகிதத்தில் வந்த அச்சு ஐந்து வருடத்தில் வெளுத்திருக்கும். இன்றே போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.